நிழற்படத்தின் மேல் நிலப்படம்

தமிழிற் படம் என்னுஞ் சொல் இரு வேறு பொருள்களைத் தாங்கி நிற்கின்றது. ஒளியைக் கொண்டு கருவி எடுப்பதும் படம். நிலத்தை அளந்து கணித்துக் கை வரைவதும் படம். முன்னதை நிழற்படம் என்றும் பின்னதைத் தேசப்படம் என்றும் அடைகொடுத்துப் பிரிப்பரேனும், சொல்லின் வேர் ஒன்றேயாதலின், ஒன்றன் தொழிலை மற்றது செய்யும் என்னும் மயக்கம் எளிதில் உண்டாகின்றது. இம்மயக்கம் இன்று சொல்லளவில் நில்லாது தாளிலுந் திரையிலும் ஏறிவிட்டது. வானிலிருந்து எடுத்த நிழற்படத்தைப் பின்புலமாக விரித்து, அதன்மேற் சமவுயரக் கோடுகளையும் வீதிகளையும் ஊர்ப்பெயர்களையும் பொறித்து, அதனை இடவிளக்கப்படம் என்று வழங்குதல் உலகெங்கும் பெருகிவருகின்றது. 2005ஆம் ஆண்டிற் கூகிள் நிறுவனம் தன் தேசப்படத்தோடு செய்மதிப் படங்களையுஞ் சேர்த்து வெளியிட்ட நாள்முதல், தம் வீட்டுக் கூரையை வானிலிருந்து தேடிப்பாராத மாணாக்கர் அரியர். இவ்வகைப் படங்கள் கண்ணுக்கு இனியன என்பதில் ஐயமில்லை. அவை வாசிக்கத்தக்கனவா என்பதே வினா.

இவ்வினா இலங்கைக்குப் புறம்பானதன்று. 1800ஆம் ஆண்டு ஓகத்து மாதம் 2ஆந் திகதி தோன்றிய நில அளவைத் திணைக்களம் இந்நாட்டின் மிகப் பழைய அரச திணைக்களங்களுள் ஒன்று. அதன் நெடுவரலாற்றையும் பழைய தேசப்படங்களின் விவரணத்தையும் ஆர். எல். புரோகியர் 1950, 1951 என்னும் ஆண்டுகளில் வெளிவந்த இரு தொகுதிகளில் திரட்டித் தந்துள்ளார். சங்கிலியும் கோணமானியுங் கொண்டு காட்டிலும் மேட்டிலும் நடந்தே அளந்தவர்களின் உழைப்பால், ஒரு மைலை ஓரங்குலமாகக் காட்டும் இடவிளக்கப்படத் தொடர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உருவாயிற்று. பின்னர் 1956ஆம் ஆண்டிற் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா நாட்டு ஹன்ரிங் நிறுவனம் தீவினை வானிலிருந்து 1:40,000 என்னும் அளவிற் படம்பிடித்தது. அப்படங்கள் மண்வளத்தையும் நிலப்பயன்பாட்டையும் ஆற்றுவடிநிலங்களையும் ஆராய்வார்க்குப் பெரிதும் உதவின. இன்று பாடசாலை மாணாக்கர் புவியியற் பரீட்சையில் வாசிக்கும் 1:50,000 அளவுத்திட்டப் படங்கள், தீவு முழுவதற்கும் 92 தாள்களாக அமைந்தவை. அவற்றின் ஆக்கத்துக்கும் வான்படங்களே துணைநின்றன.

ஆயினும் அத்தாள்களுள் எதிலும் வான்படத்தின் சாயல் தோன்றாது. அடுத்தடுத்து எடுத்த இரு படங்களை இரு கண்ணாலும் ஒருங்கே நோக்குங் கருவியிலிட்டு, மேடு பள்ளங்களைக் கண்டு, கோடிட்டு, களத்திற் சென்று சரிபார்த்து, பெயர்களைக் கேட்டறிந்து எழுதிய பின்னர், வான்படம் பெட்டகத்துக்குத் திரும்பிவிடும். அது மூலமாக இருந்தது, பின்புலமாக இருக்கவில்லை. மூலத்தையே பின்புலமாக்கிய புதுவழக்கின் குணங் குற்றங்களை ஆராயுமுன், பழைய கோட்டுப்படம் என்ன செய்தது என்பதை நோக்குதல் வேண்டும்.

கோட்டுப்படம் பொய் சொல்லும். 1:50,000 அளவில் ஒரு மில்லிமீற்றர் நிலத்தில் 50 மீற்றரைக் குறிக்கும். ஆகவே ஒரு மில்லிமீற்றர் தடிப்பில் வரைந்த பெருவீதி 50 மீற்றர் அகலமுடையது என்று பொருள்படும். காலி வீதியில் நடந்தவர் எவரும் அதனை ஒப்பார். அதே அளவில் வெள்ளவத்தையில் ஆறு மீற்றர் அகலமுள்ள ஓர் ஒழுங்கையை உள்ளவாறே காட்டுவதாயின், மில்லிமீற்றரில் எட்டிலொரு பங்குத் தடிப்புள்ள கோடொன்றே கிடைக்கும். தேசப்படக் கலைஞன் அதனைப் பருமனாக்குகின்றான், சிலவற்றை விட்டுவிடுகின்றான், நெருங்கிக் கிடப்பனவற்றைச் சற்றே விலக்கி வைக்கின்றான். கடற்கரையை ஒட்டிச் செல்லும் இருப்புப்பாதையும் அதன் பக்கத்து வீதியும் கரைக்கோடும் தம்முள் முட்டிக்கொள்ளாமல் தாளில் அமைவது இத்தகைய பொய்யினாலேயே. நிழற்படமோ இப்பொய்யை அறியாது. அது எல்லாவற்றையும் உள்ள அளவிலே காட்டும். வேண்டியதையும் வேண்டாததையும் ஒரே குரலிற் சொல்லும். வீதியை விடப் பக்கத்துக் கூரை வெண்மையாயிருப்பின், கண் கூரையையே முதலிற் காணும். அளவின் உண்மையை நிழற்படம் காப்பாற்றுகின்றது. வாசிப்போன் தேடும் உண்மையோ கைநழுவிப் போகின்றது.

அளவின் உண்மையையேனும் அது முற்றாகக் காக்கின்றதா என்றால், அதுவுமில்லை. ஓர் எடுத்துக்காட்டு இதனை விளக்கும். விமானம் 3,000 மீற்றர் உயரத்திற் பறக்கின்றது. அதன் நேர்கீழ்ப் புள்ளியிலிருந்து 1,500 மீற்றர் தொலைவில் 30 மீற்றர் உயரமான பத்துமாடிக் கட்டடமொன்று நிற்கின்றது. படத்தில் அக்கட்டடத்தின் உச்சி அடியிலிருந்து ஏறத்தாழ 15 மீற்றர் வெளிப்புறமாகச் சாய்ந்து விழும். ஆறு மீற்றர் ஒழுங்கை அச்சாய்விலே முழுவதும் மறைந்துபோகும். 1956இல் எடுத்த படங்களில் வெள்ளவத்தை ஓட்டுக்கூரைகளும் தென்னையும் வளவுகளும் நிறைந்த பகுதி. இன்றோ காலி வீதிக்கும் கடலுக்குமிடையிலே அடுக்குமாடிகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. அன்று மரக்கிளை மறைத்த ஒழுங்கையை இன்று மாடி மறைக்கின்றது. இச்சாய்வைக் கணித்துத் திருத்தும் முறைகள் உண்டென்பது மெய்யே. நிலத்தின் ஏற்றவிறக்கத்தை மாத்திரங் கொண்டு திருத்திய படங்களிற் கட்டடச் சாய்வு அப்படியே எஞ்சும். கட்டடங்களையும் நேராக நிமிர்த்தும் திருத்தம் செலவு மிக்கது. அவ்வாறு நிமிர்த்தியவிடத்தும் மறைந்திருந்த நிலத்தை வேறொரு படத்திலிருந்து வெட்டி ஒட்ட நேரும்.

இனி, ஒழுங்கை தோன்றினாலும் அதன் பெயர் தோன்றாது. வெள்ளவத்தையின் ஒழுங்கைகள் பல எண்ணாற் பெயர்பெற்றவை. கொழும்புத் தமிழ்ச் சங்கம் 57ஆம் ஒழுங்கையில் இருக்கின்றது என்பதை எந்த விமானமும் படம்பிடிக்க இயலாது. பெயரை மனிதரே எழுதவேண்டும். எழுதிய பெயரோ நிழற்படத்தின் புள்ளியும் மறுவும் நிறைந்த பரப்பின்மேல் நிற்கவேண்டும். இவ்விடத்திலே தமிழ்நூலோர் கவனிக்கத்தக்க இடரொன்று உளது. உரோம எழுத்து, தடித்த நிமிர்கோடுகளால் அமைவது. பின்புலம் சற்றுக் குழம்பினாலும் சொல்லை ஊகிக்கலாம். தமிழெழுத்தோ வளைவுகளாலும் சுழிகளாலும் அமைவது. அதன்மேற் புள்ளி வேறு. வெள்ளவத்தை என்னும் பெயரில் இரு புள்ளிகள், கொட்டாஞ்சேனை என்பதிலும் இரு புள்ளிகள். கூரைகளின் வெண்திட்டுக்களுக்கிடையே அப்புள்ளிகள் மறைந்தால் மெய் உயிர்மெய்யாகின்றது. கொம்பின் சுழி மறைந்தால் நெடில் குறிலாகின்றது. ஓலைச்சுவடியிற் புள்ளியின்றி எழுதிப் பழகிய சமூகத்துக்கு அது பெரிய இழப்பன்று என்று ஒருவர் நகையாடக்கூடும். சுவடியை வாசித்தவர்க்குச் சொல்லின் முன்பின் துணைநின்றது. தேசப்படத்தில் ஓர் ஊர்ப்பெயர் தனியே நிற்கின்றது. ஆகையால் நிழற்படத்தின்மேல் தமிழ்ப்பெயர் பொறிப்போர் எழுத்தைச் சுற்றி மெல்லிய வெளிர்விளிம்பொன்று இடுதலும், ஆங்கிலப் பெயரிலும் ஒரு படி பெரிதாக அச்சிடுதலும் இன்றியமையாதன. மும்மொழியும் வழங்கும் நாட்டில் மூன்றுக்கும் ஒரே அளவு என்பது சமத்துவம் போலத் தோன்றும்; கண்ணளவில் அது சமத்துவமன்று.

கொட்டாஞ்சேனையிற் பிறிதொரு வகைச் சிக்கல் புலப்படும். அங்கே கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயில் கருங்கற் பணியாற் சிறந்தது. வீதியில் நிற்பவனுக்குக் கோபுரமே அப்பகுதியின் அடையாளம். வானிலிருந்து நோக்குபவனுக்கோ கோபுரம் ஒரு சிறு நீள்சதுரம். அதனினும் அதன் நிழலே நீண்டு தோன்றும். நிலத்திலே மிக உயர்ந்து நிற்பது வானிலே மிகச் சிறுத்துப் போகின்றது. இதற்கு எதிர்மாறாக, 1757ஆம் ஆண்டில் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட ஒல்லாந்தரின் வுல்பெண்டால் தேவாலயம், நான்கு கைகளும் ஒத்த சிலுவை வடிவான தன் கூரையினால் வான்படத்திற் சட்டெனக் கண்ணிற் படும். கீழே நின்று பார்ப்பவன் அச்சிலுவையை ஒருபோதும் முழுமையாகக் காணான். எனவே வான்படத்தைக் கொண்டு வழி கண்டுபிடிக்க முயல்பவன், தான் காணவியலாத அடையாளத்தைத் தேடவும் காணக்கூடிய அடையாளத்தைத் தவறவிடவும் நேரும். கோட்டுப்படம் கோயிலுக்கு ஒரு குறி, தேவாலயத்துக்கு ஒரு குறி என்று இரண்டையும் நிலத்தில் நிற்பவனின் கண்ணுக்கு ஏற்ப அமைக்கின்றது.

நிழற்படம் என்னும் பெயரிலேயே நிழல் இருக்கின்றது. இடர்களுட் பெரியதும் நிழலே. மேட்டையும் பள்ளத்தையும் மனிதக் கண் நிழலைக் கொண்டே உணரும். தாளின் மேல்புறத்திலிருந்து, சிறப்பாக இடது மேல்மூலையிலிருந்து, ஒளி விழுவதாகக் கொள்ளுதல் கண்ணின் இயல்பு. சுவிற்சர்லாந்துத் தேசப்படக் கலைஞர் எடுவார்ட் இம்கோவ் 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூல் நிலவுருவைக் காட்டும் முறைகளை விரித்துரைப்பது. சுவிசு மலைப்படங்களில் நிழலிடுவோர் வடமேற்கிலிருந்து ஒளி வருவதாகவே தீட்டுவர். ஐரோப்பாவில் ஞாயிறு ஒருபோதும் வடமேற்கில் உயர்ந்து நிற்பதில்லை; ஓவியன் இயற்கையை மீறியே தெளிவைத் தேடினான். வான்படத்துக்கு அவ்வுரிமை இல்லை. தெற்கிலிருந்து ஒளி விழுந்த படத்தை வடக்கு மேலாக வைத்து நோக்கினால், மலைமுகடு பள்ளத்தாக்காகவும் பள்ளத்தாக்கு முகடாகவும் புரண்டு தோன்றும்.

இலங்கையின் நிலை இதில் விசித்திரமானது. கொழும்பு ஏறத்தாழ வட அகலக்கோடு 7 பாகையில் உள்ளது. ஏப்பிரல் மாத முற்பகுதியிலும் செப்டெம்பர் மாத முற்பகுதியிலும் நண்பகல் ஞாயிறு உச்சிக்கு நேராக நிற்கும். இவ்விரண்டுக்குமிடைப்பட்ட மாதங்களில் அது உச்சிக்கு வடக்கே நிற்கும். ஆகவே யூன் மாதத்தில் எடுக்கும் படத்தில் நிழல் தெற்கு நோக்கி விழும். கண்ணின் இயல்புக்கு அது பொருந்தும். ஐரோப்பியருக்கு இயற்கை மறுத்த வாய்ப்பை இத்தீவுக்கு அளித்திருக்கின்றது. அளித்த கையாலேயே பறித்துமிருக்கின்றது: யூன் மாதம் தென்மேற்குப் பருவமழைக் காலம், மேற்குக் கரையும் மலைநாடும் முகிலுள் மூழ்கிக் கிடக்கும். அப்பகுதிகளில் வானந் தெளிந்திருப்பது பெரும்பாலும் சனவரி முதல் மார்ச்சு வரையிலேயே. அப்போது காலை ஞாயிறு தென்கிழக்கில், அதாவது தாளின் வலது கீழ்மூலையில் நிற்கின்றது. கண் எதிர்பார்க்கும் திசைக்கு அது நேர் எதிர்த்திசை. சிவனொளிபாத மலையைச் சூழ்ந்த முகடுகளை இத்தகைய படத்திற் கண்ட மாணாக்கன் அவற்றை ஆழ்பள்ளங்கள் என்று கொண்டால் அவன்மேற் குற்றமில்லை. அவனைக் காப்பது சமவுயரக் கோடும் அதன்மேற் பொறித்த எண்ணுமே. அக்கோட்டையும் பின்புலத்தின் இருளில் மங்கவிட்டால் அவனுக்குத் துணை ஏதுமில்லை.

சமவுயரக் கோட்டைக் கபில நிறத்தில் வரைதல் மரபு. வெள்ளைத் தாளுக்கு அம்மரபு ஏற்றது. கரும்பச்சைக் காட்டின் நிழற்படத்தின்மேற் கபிலக் கோடு இட்டால், நிறம் வேறாயினும் ஒளியளவு ஏறத்தாழ ஒன்றேயாதலின், கோடு காட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். இதற்குச் சிலர் கோட்டைத் தடிப்பாக்குகின்றனர், சிலர் செம்மையாக்குகின்றனர், சிலர் மஞ்சளாக்குகின்றனர். செங்குத்தான சரிவிற் கோடுகள் நெருங்குமிடத்துத் தடிப்பு மிக்க மஞ்சட் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, நிழற்படமும் மறைந்து கோடும் பயனற்றுப் போதல் கண்கூடு. குறை கோட்டிலன்று. பின்புலம் தன் குரலைத் தாழ்த்த மறுப்பதே குறை.

நாதசுரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவர் இருக்கின்றார். அவரின்றிக் கச்சேரிக்கு நிலைக்களனில்லை. அவர் நாதசுரத்தை மிஞ்சி ஊதினால் கச்சேரியே இல்லை. நிழற்படப் பின்புலத்துக்குத் தக்க இடம் ஒத்துக்குரிய இடமே. அதன் கருமையை வெளிறச் செய்து, வெண்மைக்கும் இளஞ்சாம்பலுக்கும் இடைப்பட்ட சிறு எல்லைக்குள் அதன் நிறவேறுபாடுகளை அடக்கி, பசுமையின் கூர்மையைக் குறைத்துவிட்டால், மெல்லிய கபிலக் கோடும் நீலக் கோடும் கரிய எழுத்தும் பழைய மரபிலேயே வாசிக்கக் கிடைக்கும். கோட்டை உரக்கக் கத்தவைப்பதிலும் இதுவே சிறந்த வழி. ஆனால் வெளிறிய படம் வாங்குவோர் கண்ணைக் கவராது. திரையில் ஒளிரும் செறிபச்சையைக் கண்டு பழகியவர்க்கு அது நோயுற்றது போலத் தோன்றும். தேசப்படம் வெளியிடுவோர் வாசகனின் தேவைக்கும் வாங்குவோனின் கவர்ச்சிக்குமிடையே பின்னதைத் தேர்ந்துகொள்வதாலேயே இன்றைய படங்களுட் பல காட்சிப்பொருளாய் நின்றுவிடுகின்றன.

இவ்வழி புதியதுமன்று. 1930களின் நடுவிலிருந்து 1970களின் இறுதி வரை சுவீடன் நாடு வெளியிட்ட பொருளாதாரத் தேசப்படத் தொடர் இத்துறையில் முன்மாதிரியாய் நிற்பது. பெரும்பாலும் 1:10,000 அளவில் அமைந்த அத்தாள்களில் வான்படம் மெல்லிய பச்சை மையில் அச்சாயிற்று. பயிர்நிலங்கள் மஞ்சள் பூசப்பெற்றன. காணியெல்லைகளும் பெயர்களும் கருமையில் அமைந்தன. காட்டின் நடுவே ஓர் ஒற்றையடிப்பாதை, வயலின் ஓரத்தில் ஒரு மரத்தோப்பு என வரைவோர் விட்டுவிடக்கூடிய நுட்பங்களை வான்படம் தந்தது. விவசாயி தன் வயலை அதில் அடையாளங் கண்டான். எல்லையை வாசிக்கவுஞ் செய்தான். ஒரே நிறத்தில் அடங்கியமையே அந்நிழற்படத்தின் வெற்றிக்குக் காரணம். ஐக்கிய அமெரிக்காவின் படைத் தேசப்படச் சேவை 1960களில் வியட்நாமுக்காக ஆக்கிய பிக்டோமப் என்னும் வகை மற்றொரு வழியைக் கைக்கொண்டது. வான்படத்தின் கருமை வெண்மைகளைத் தனித்தனியே பிரித்து வெவ்வேறு மைகளில் அச்சிட்டு, ஒளிப்படத்தை அரைவாசி ஓவியமாக மாற்றியது அம்முறை. சதுப்பும் வயலும் நிறைந்த, அடையாளங்கள் அருகிய நிலத்தில் அது பயன்பட்டதெனினும், அதன் நிறங்கள் செடிகொடியின் உண்மை நிறங்கள் என்று வாசகன் நம்பிவிடும் ஆபத்து அதில் உண்டு. ஐக்கிய அமெரிக்கப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களம் 2009ஆம் ஆண்டு முதல் வெளியிடும் புதிய தொடரிலோ, வான்படம் ஒரு தனிப் படலமாக அமைகின்றது. கணினியில் நோக்குபவர் அதனை வேண்டும்போது விரித்து வேண்டாதபோது அகற்றலாம். சிக்கலைத் தீர்க்காது வாசகனிடமே ஒப்படைக்கும் தீர்வு இது. திரைக்கு அது ஒக்கும். மழையில் நனைந்த தாளை விரித்துவைத்து வழி தேடுபவனுக்குப் படலத்தை அகற்றும் வசதி ஏது?

தெளிவின்மை வெறுங் கண்ணுறுத்தல் மாத்திரமன்று என்பதைக் கொழும்பின் தாழ்நிலங்கள் காட்டும். இம்மாநகர் பெரும்பாலும் தட்டையானது. நூறடிக்கு ஒரு சமவுயரக் கோடு என்னும் இடைவெளியில் வரைந்தால், நகருள் ஒரு கோடும் விழுவது அரிது. ஆனால் இங்கு வெள்ளத்தை நிர்ணயிப்பது ஓரிரு மீற்றர் உயர வேறுபாடு. 2010ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஓரிரவுப் பெருமழையால் நகரின் பல பகுதிகளோடு கோட்டையிலுள்ள பாராளுமன்ற வளாகமும் நீருள் ஆழ்ந்தது. 2016 மே மாதத்திற் களனி கங்கை பெருகிக் கொலன்னாவைப் பகுதி மூழ்கியது. இந்நிலங்களை வான்படத்தில் நோக்குக. சதுப்பின்மேல் ஆகாயத்தாமரை படர்ந்து ஒரே பச்சையாய்க் கிடக்கும். விளையாட்டிடமும் பச்சை, கைவிட்ட வயலும் பச்சை, சதுப்பும் பச்சை. வானிலிருந்து மூன்றும் உடன்பிறந்தன போலத் தோன்றும். காணி வாங்க விழைபவன் அழகிய பசும்புல்வெளியென்று மகிழும் இடம் அடுத்த மழையிற் குளமாகலாம். ஒரு மீற்றர் இடைவெளியிலான சமவுயரக் கோடும் சதுப்புக்குரிய நீலக் குறியும் அவனை எச்சரிக்கவல்லன. அவற்றின்மேல் நிழற்படம் தன் பசுமையைச் சொரியுமாயின் எச்சரிக்கை கேளாது. நீரும் அவ்வாறே. வெள்ளவத்தைக் கால்வாய் வான்படத்தில் ஓர் இருண்ட கீற்று. அதன் பக்கத்துக் கட்டடங்களின் நிழலும் இருண்ட கீற்று. ஞாயிற்றொளி படும் கோணத்துக்கேற்ப அதே நீர் கருமையாகவும் வெள்ளியாகவும் தோன்றும். பேரை வாவி ஒரு படத்திற் கரியது, மற்றொன்றில் வெள்ளியது. ஆதலால் நீர்ப்பரப்பு எங்கிருப்பினும் அங்கே நிழற்படத்தை அறவே நீக்கி ஒரே சீரான நீலத்தை நிரப்புதலே முறை. இதிற் சமரசத்துக்கு இடமில்லை.

அவ்வாறாயின் நிழற்படத்தை முற்றாக விலக்கிவிடலாமே எனின், அதுவும் பொருந்தாது. கோட்டுப்படம் மௌனஞ் சாதிக்கும் இடங்கள் உள. கொட்டாஞ்சேனையின் பெருந்தெருக்களுக்குப் பின்னே தோட்டம் என்று வழங்கும் நெருங்கிய குடியிருப்புக்கள் பல இருக்கின்றன. தோட்டம் என்பது பெயரளவே. அங்கே மரமில்லை, கூரைகளே உள. சிறிய அளவுத்திட்டப் படங்களில் அவை கட்டடப் பரப்பு என்னும் ஒரே நிறத்துள் மறைகின்றன. நூறு குடும்பம் வாழும் இடமும் ஒரு பண்டசாலையும் ஒரே சாயத்திற் பூசப்படுகின்றன. வான்படத்திலோ ஒவ்வொரு தகரக் கூரையும் தனித்தனியே தெரிகின்றது. கூரைகளுக்கிடையே ஓர் ஆள் செல்லும் சந்தும் ஓரளவு தெரிகின்றது. தீயணைப்பு வண்டி எங்குவரை செல்லும், எவ்விடத்தில் நின்றுவிடும் என்பதை அறிய வேண்டுபவர்க்கு இது கோட்டுப்படம் தராத அறிவு. மலைநாட்டுத் தோட்டங்களின் லயங்களும் இவ்வகையினவே. தென்னந்தோப்பையும் வீட்டுத்தோட்டத்தையும் ஒரு குறியீட்டாற் பிரித்துவிட்டு அமையும் கோட்டுப்படத்துக்கு, நட்சத்திரம் போல விரிந்த தென்னைமுடிகளின் வரிசையொழுங்கைக் காட்டும் வான்படம் நல்ல துணை.

எனவே வான்படத்தைத் தாள் முழுதும் ஒரே செறிவில் விரிப்பதே அடிப்படைப் பிழை. கோட்டுப்படம் பேசுமிடத்தில் அது அடங்கவேண்டும்; கோட்டுப்படம் ஊமையாகுமிடத்தில் அது பேசலாம். செங்குத்துச் சரிவிலும் எழுத்தின் கீழும் வீதியின் இருமருங்கிலும் வெளிற்றி, கட்டடத்தொகுதியின் உள்ளும் தோப்பின் உள்ளும் சற்றுச் செறிவாக விட்டு, நீரின்மேல் முற்றாக நீக்கி அமைத்தல் இன்றைய கணினிக்கு அரிய செயலன்று. அரியது, எங்கே எவ்வளவு என்று தீர்மானிக்கும் பயிற்சி பெற்ற கண். தியத்தலாவையில் அளவையாளர்களைப் பயிற்றும் நிறுவனம் இருக்கின்றது. நில அளவையைப் போலவே படத்தின் நிறமும் எழுத்தும் அங்கே ஒரு பாடமாக மதிக்கப்படுதல் தகும். கருவிகள் மலிந்த அளவுக்கு அக்கண் பெருகவில்லை. பின்புலப் படத்தைத் தேர்ந்து ஒரு விசையை அழுத்திய மாத்திரத்தில் தேசப்படம் பிறந்துவிட்டதென்று கருதுவோரே மிகுதி.

காலம் பற்றிய வழுவொன்றும் எஞ்சியுள்ளது. கோட்டுப்படம் நிலைத்தவற்றைக் காட்ட முயல்வது. நிழற்படம் ஒரு கணத்தைக் காட்டுவது. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆந் திகதி செய்மதியொன்று களுத்துறைக் கரையில் ஆழிப்பேரலையின் நீர் பின்வாங்கிச் செல்லும் காட்சியைப் படம்பிடித்தது. அது வரலாற்றுச் சான்றாக விலைமதிப்பற்றது. களுத்துறையின் கரைக்கோடு எது என்று கேட்பவனுக்கோ அது பொய்ச்சான்று. வறண்ட மாதத்தில் எடுத்த படத்தில் வன்னிக் குளங்கள் மேய்ச்சல்நிலம் போலத் தோன்றும். மாரியில் எடுத்ததில் வயலுங் குளமும் ஒன்றாய்க் கலக்கும். கொழும்புத் துறைமுக நகருக்காகக் கடலை நிரப்பும் பணி 2014இல் தொடங்கி 2019 சனவரியில் நிறைவெய்த, 269 எக்ரேயர் புதுநிலம் எழுந்தது. 2013இல் எடுத்த வான்படத்தின்மேல் 2019இன் வீதிகளைப் பொறித்தால் வீதிகள் கடலின்மேல் ஓடும். அவ்விடத்திற் பிழை எல்லார்க்கும் தெரியும். கால்வாயோரத்தில் நிரப்பிய ஒரு துண்டுச் சதுப்பிலோ, புதிதாய் எழுந்த ஒரு மாடியின் பின்னால் அடைபட்ட ஒழுங்கையிலோ அதே பிழை ஒருவர்க்கும் தெரியாது. ஆகையால் தாளின் கீழ் ஓரத்திலே அளவுத்திட்டத்துக்குப் பக்கத்தில் வான்படம் எடுத்த ஆண்டு, மாதம், நாள் வேளை என்பனவும், சமவுயரம் அளந்த ஆண்டும், வீதிகளும் பெயர்களும் சரிபார்த்த ஆண்டும் வேறுவேறாக அச்சிடப்படுதல் வேண்டும். இன்று பெரும்பாலும் வெளியிட்ட ஆண்டொன்றே அங்கே இடம்பெறுகின்றது. மூன்று வெவ்வேறு காலத்துச் செய்திகளுக்கு அவ்வோர் ஆண்டு பொறுப்பேற்று நிற்கின்றது.